தூணைச் சுற்றி ஒரு வேலி

1978 டிசம்பர். அரைப்பரீட்சை லீவுக்கு அப்பா எங்களை டெல்லிக்கு அழைத்துப் போனார். ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு. தங்கியது கரோல்பாகில் சித்தப்பா வீட்டில். மத்திய அரசு வேலைக்கு வந்து அங்கேயே வேர்விட்ட தமிழ்க் குடும்பங்கள் அந்தத் தெருக்களில் அப்போதே நிறைய இருந்தன. மறுநாள் காலை, இரவல் வாங்கிய ஸ்வெட்டர்களோடு ஊர் சுற்றிக்காட்டும் பஸ்ஸில் ஏறினோம். முற்பகல் புது டெல்லி, பிற்பகல் பழைய டெல்லி. கைடு மைக்கைப் பிடித்து இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்வார். முன் சீட்டிலிருந்த அப்பா திரும்பிப் பாட்டிக்குத் தமிழில் சொல்வார். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த மதுரைக்காரர்களும் அப்பா சொல்வதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

போன டிசம்பரில் அதே இடங்களை என் ஒன்பது வயதுப் பேத்திக்குக் காட்டப் போனேன். இப்போது மெட்ரோவிலேயே சுற்றிவிடலாம். குதுப் மினாருக்கும் செங்கோட்டைக்கும் அவற்றின் பெயரிலேயே நிலையங்கள் இருக்கின்றன. நுழைவுச் சீட்டு, கவுண்ட்டர் வரிசையில் நிற்காமல் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது.

குதுப் மினாருக்குள் அன்று நாங்கள் ஏறினோம். முதல் அடுக்கு வரை விட்டார்கள். சுழன்று சுழன்று போகும் குறுகிய படிக்கட்டு, பட்டப்பகலிலும் இருட்டு. இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றபோது அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். மூன்று வருடம் கழித்து, 1981 டிசம்பர் 4 அன்று, அந்தப் படிக்கட்டில் விளக்கு அணைந்து, நெரிசலில் 45 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் பள்ளிக் குழந்தைகள். செய்தியைப் படித்த அம்மா அன்றிரவு என்னைத் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டாள். அதன்பின் பொதுமக்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. "மேலே போக முடியாதா பாட்டி?" என்று பேத்தி கேட்டாள். முடியாது என்று சொன்னேன், காரணத்தையும் மறைக்கவில்லை.

கொஞ்சம் தள்ளி இரும்புத் தூண். முதுகைத் தூணில் சாய்த்து, கைகளைப் பின்னால் வளைத்து, விரல்களைக் கோத்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்பார்கள். என் கைகள் எட்டவில்லை. அப்பா இரு பக்கமும் இழுத்துப் பார்த்தார். இன்று தூணைச் சுற்றி வேலி. 1997-ல் போட்டது. முதலில் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் 1,600 வருடமாக அந்த இரும்பு துருப்பிடித்து அழியாமல் நிற்பதற்குக் காரணம், அதிலுள்ள பாஸ்பரஸ் துணையோடு மேற்பரப்பில் படிந்த ஒரு மெல்லிய காப்புப் படலம். கான்பூர் ஐஐடி பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் பல வருடம் ஆராய்ந்து விளக்கிய விஷயம் இது. அந்தப் படலத்தைத்தான் எங்களைப் போன்றவர்களின் கைகளும் முதுகுகளும் தேய்த்துக்கொண்டிருந்தன. நாங்கள் ஆசையாகத் தழுவிய இடம்தான் தூண் பழுதுபட்ட இடம். அது தெரிந்தபின் வேலிமேல் எனக்குக் கோபமில்லை.

இந்தியா கேட் எதிரிலுள்ள கல் மண்டபம் அன்று வெறுமையாக இருந்தது. அங்கே நின்ற ஐந்தாம் ஜார்ஜ் சிலையைப் பத்து வருடம் முன்பு, 1968-ல், அகற்றிவிட்டதாகக் கைடு சொன்னார். "ராஜா போயிட்டானா? நல்லதாப் போச்சு" என்றாள் பாட்டி. இன்று அதே மண்டபத்தில் நேதாஜி நிற்கிறார், கருங்கல்லில், 28 அடி உயரம். 2022-ல் அந்தச் சிலை திறந்த நாளில்தான் ராஜபாதை கடமைப் பாதை ஆயிற்று. வளைவின் கீழே அன்று நாங்கள் பார்த்து நின்ற அமர் ஜவான் ஜோதி 1972-ல் ஏற்றப்பட்டது. அதையும் 2022 ஜனவரியில், பக்கத்தில் எழுந்த தேசியப் போர் நினைவகத்தின் சுடரோடு சேர்த்துவிட்டார்கள். இந்தியா கேட்டில் இருப்பவை வெள்ளையர் ஆட்சிக்காகச் சண்டையிட்டு மடிந்த வீரர்களின் பெயர்கள். 2019-ல் திறந்த நினைவகத்தில் இருப்பவை சுதந்திர நாட்டுக்காக உயிர் கொடுத்த 25,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். சக்கர வியூகம்போல வளையும் சுவர்களில் தமிழ்ப் பெயர்களைத் தேடித் தேடிப் படித்தோம்.

ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறந்திருக்கிறது. அன்று குடியரசுத் தலைவர் மாளிகையைக் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். இன்று இணையத்தில் முன்பதிவு செய்தால் உள்ளே அழைத்துப் போய் ஒவ்வொரு மண்டபமாகக் காட்டுகிறார்கள். செங்கோட்டையின் பெரும்பகுதி அன்று ராணுவத்திடம் இருந்தது. போகக்கூடாத இடங்களே அதிகம். 2003-ல் ராணுவம் வெளியேறியது. 2007-ல் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆங்கிலேயர் கட்டிய சிப்பாய்க் குடியிருப்புகள் 2019 முதல் அருங்காட்சியகங்கள். அதில் ஒன்று இந்திய தேசிய ராணுவத்தின் கதையைச் சொல்கிறது. அந்தப் படையின் அதிகாரிகளை 1945-ல் விசாரித்தது இந்தக் கோட்டையில்தான். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து அந்தப் படைக்குப் போன தமிழர்கள் எத்தனையோ பேர். 1978-ல் பாட்டிக்கு இதைச் சொல்ல அங்கே எதுவுமே இல்லை.

அப்படியென்றால் எதைத்தான் இழந்தோம்? ஒரு பஸ் நிறைய மனிதர்கள் ஒரே குரலைக் கேட்டதை. இப்போது ஆளுக்கொரு கைப்பேசி, காதில் ஆளுக்கொரு கதை. தகவல் முன்பைவிடத் திருத்தமாகவே கிடைக்கிறது. ஆனால் பக்கத்தில் நிற்பவர் எதைக் கேட்டுச் சிரிக்கிறார், எதைக் கேட்டுக் கண்கலங்குகிறார் என்பது நமக்குத் தெரிவதில்லை.

கடைசியாகக் காந்தி ஸ்மிருதிக்குப் போனோம். 1948 ஜனவரி 30 மாலை, அறையிலிருந்து பிரார்த்தனை மைதானத்துக்கு அவர் நடந்த கடைசி நடையைச் சிமெண்டில் பாதச் சுவடுகளாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து மாறாத இடம் அது ஒன்றுதான். அன்று இந்த இடத்துக்கு வந்ததும் கைடு மைக்கைக் கீழே வைத்துவிட்டார். அப்பாவும் மொழிபெயர்க்கவில்லை. சொல்லாமலே பாட்டிக்குப் புரிந்தது; செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுவடுகளை மிதிக்காமல் ஓரமாகவே நடந்தாள்.

பேத்தி கைப்பேசியை நீட்டினாள். "இதுல போட்டா என்னன்னு சொல்லும் பாட்டி." அதை வாங்கிப் பையில் வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு முதல் சுவட்டிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். பின்னால் வந்துகொண்டிருந்த தம்பதி, சேலத்துக்காரர்களாம், நெருங்கி வந்து நின்று கேட்டார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன்.