மானுடவியல் எம்.ஏ: சேர்வது ஒரு கதை, முடிப்பது வேறு கதை!

"ஆந்த்ரோபாலஜியா? அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போகப் போற?"

மாஸ்டர்ஸுக்கு மானுடவியலைத் தேர்ந்தெடுக்கும் பலருக்கும் முதல் இன்டர்வியூ வீட்டிலேயே நடந்துவிடும். கேள்வியில் நியாயமும் இருக்கிறது. ஐந்து வருடம் ஐ.டி.யில் வேலை பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைக்கும் ஒருவருக்கு, இரண்டு வருடச் சம்பளம் என்பது சின்ன விஷயம் இல்லை. எனவே சேர்வதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும், சேர்ந்தபின் எங்கே சிக்குவோம் என்பதைப் பார்த்துவிடலாம்.

மானுடவியல் என்றால் என்ன?

மனிதர்களைப் பற்றிய படிப்பு. சமூக-பண்பாட்டு மானுடவியல், உயிரியல் மானுடவியல், தொல்லியல், மொழியியல் மானுடவியல் என நான்கு கிளைகளாகப் பிரிப்பது வழக்கம். "அப்போ சோஷியாலஜிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டால், முக்கியமான பதில் களப்பணி. பண்பாட்டு மானுடவியலில் கேள்வித்தாளோடு போய் ஒரே நாளில் திரும்பி வருவது போதாது. அந்த மக்களோடு நாள்கணக்கில், முடிந்தால் மாதக்கணக்கில் இருந்து, பார்த்து, பேசி, எழுத வேண்டும். முதல் உலகப்போர் காலத்தில் பசிபிக் பகுதியின் டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆய்வு செய்த மாலினோவ்ஸ்கி, 1922-ல் வெளியிட்ட புத்தகத்தின் மூலம் இந்த முறையைப் பிரபலமாக்கினார்.

எங்கே படிக்கலாம்?

இந்தியாவில் கொல்கத்தா பல்கலைக்கழகம் 1920-லேயே முதுநிலை மானுடவியலைத் தொடங்கிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் மானுடவியல் துறை 1945-ல் உருவானது. புதுச்சேரி, ஹைதராபாத், டெல்லி பல்கலைக்கழகங்களிலும் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோவில் தொலைநிலை எம்.ஏ. உண்டு.

பல பல்கலைக்கழகங்கள் எம்.ஏ.வுக்கு எந்த இளநிலைப் பட்டத்தையும் ஏற்றுக்கொள்கின்றன. பி.இ., பி.காம். முடித்தவர்களும் முயற்சி செய்யலாம். எம்.எஸ்ஸி. என்றால் அறிவியல் பின்னணி கேட்கும் இடங்கள் உண்டு. உடலமைப்பு, மரபணு பக்கம் ஆர்வம் இருந்தால் எம்.எஸ்ஸி., பண்பாடு, சமூகம் பக்கம் என்றால் எம்.ஏ. என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் பட்டத்தின் பெயரை மட்டும் பார்க்காமல் பாடத்திட்டத்தை டவுன்லோட் செய்து படித்துவிடுவது நல்லது.

விண்ணப்பம் எப்படி?

புதுச்சேரி, ஹைதராபாத் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் பி.ஜி. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிப்பு. சமீப ஆண்டுகளில் விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கில் வந்து, மார்ச்சில் தேர்வு நடக்கிறது. டிகிரி ரிசல்ட் வந்தபிறகு யோசிக்கலாம் என்று இருந்தால் அந்த வருடம் போய்விடும். மாநிலப் பல்கலைக்கழகங்களின் அறிவிப்பு தனியாக வரும், அவற்றின் இணையதளத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வெளிநாடு என்றால் கதை மாறும். பிரிட்டனில் பெரும்பாலும் ஒரே வருடப் படிப்பு. அங்கே 'ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்' முக்கியம். "சின்ன வயதிலிருந்தே எனக்கு மனிதர்களைப் பிடிக்கும்" என்று ஆரம்பித்தால் எடுபடாது. எந்தக் கேள்வி உங்களைத் தொந்தரவு செய்கிறது, அதற்கு ஏன் இந்தத் துறை, ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்பதை நேராக எழுத வேண்டும்.

பணத்துக்கு என்ன வழி?

பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள். படித்து முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் உள்ளிட்டோருக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. இதில் மானுடவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுத் தலைப்புகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்று 2022-ல் விதி மாற்றப்பட்டது. தன் சொந்தச் சமூகத்தைப் பற்றி ஆராய வெளிநாடு போக நினைப்பவருக்கு இந்த ஒரு வரி பெரிய தடை. விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிமுறைகளை முழுசாகப் படித்த பிறகே இதை நம்பித் திட்டம் போட வேண்டும்.

எங்கே சிக்குகிறார்கள்?

வகுப்பு, தேர்வு எல்லாம் மற்றப் படிப்புகள் மாதிரிதான். பலரைத் திணறடிப்பது களப்பணியும் ஆய்வேடும். காரணம் பெரும்பாலும் சோம்பல் இல்லை, தலைப்பின் அளவு.

'சென்னையில் உணவு டெலிவரி ஊழியர்களின் வாழ்க்கை' என்று ஒருவர் தலைப்பு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செமஸ்டரில் முடிகிற காரியமா அது? அதையே 'ஆர்டர் குறையும் மதிய நேரத்தில், ஒரே ஒரு ஏரியாவின் டெலிவரி ஊழியர்கள் எங்கே உட்காருகிறார்கள், வண்டி ரிப்பேர் ஆனால் யார் யாருக்குக் கைகொடுக்கிறார்கள்?' என்று சுருக்கினால் வேலை கைக்குள் வந்துவிடும். சின்னக் கேள்விதான் ஆழமாகப் போகும்.

அடுத்தது அனுமதி. "அண்ணே, ரெக்கார்ட் பண்ணிக்கலாமா? உங்க பேரை மாத்திதான் எழுதுவேன்" என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். வேண்டாம் என்றால் போனை உள்ளே வைத்துவிட வேண்டும். அவர் நம்பிச் சொன்ன ஒரு விஷயம் அவருடைய வேலைக்கே உலை வைக்கலாம் என்பதை மறக்கக்கூடாது.

மூன்று காப்பியும் எரிந்த கதை

குறிப்புகளைப் பாதுகாப்பது பற்றி மானுடவியல் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று உண்டு. எம்.என்.சீனிவாஸ் 1948-ல் மைசூருக்கு அருகே ராம்புரா என்ற கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். அந்தக் குறிப்புகளைப் பல ஆண்டுகள் சீர்படுத்தி, புத்தகமாக எழுத 1970-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு சென்றார். அங்கே அவர் இருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். 18 ஆண்டு உழைப்பில் தயாரான குறிப்புகளின் மூன்று பிரதிகளும் ஒரே அறையில் இருந்தன. பிறகு பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதி 1976-ல் அவர் வெளியிட்ட 'தி ரிமெம்பர்டு வில்லேஜ்' இன்றும் பேசப்படுகிறது.

ஆனால் எல்லோருக்கும் அந்த நினைவாற்றல் வாய்க்காது. மூன்று காப்பி எடுத்தால் மட்டும் போதாது, மூன்றும் வெவ்வேறு இடத்தில் இருக்க வேண்டும். லேப்டாப், கிளவுட், ஒரு ஹார்ட் டிஸ்க். கூடவே, களத்தில் பார்த்ததை அன்று இரவே எழுதிவிட வேண்டும். "எல்லாம் முடிஞ்சதும் உட்கார்ந்து எழுதிக்கலாம்" என்று தள்ளிப்போட்டால் பாதி மறந்துபோகும்.

சரி, வேலை?

1945-ல் தொடங்கப்பட்ட இந்திய மானுடவியல் ஆய்வகம், அருங்காட்சியகங்கள், உதகை அருகே முத்தோரை பாலாடாவில் இருக்கும் பழங்குடியினர் ஆய்வு மையம் போன்றவை துறை சார்ந்த இடங்கள். ஆனால் பணியிடங்கள் குறைவு. நெட் தேர்வு எழுதி ஆசிரியர் பணிக்கு முயலலாம். யு.பி.எஸ்.சி. மெயின்ஸில் 500 மதிப்பெண்ணுக்கான விருப்பப்பாடமாக மானுடவியல் இருக்கிறது. தொண்டு நிறுவனங்கள், பொது சுகாதாரத் திட்டங்கள், ஆப் நிறுவனங்களின் யூசர் ரிசர்ச் குழுக்கள் போன்றவற்றிலும் இந்தத் திறமைக்கு இடம் உண்டு. கேம்பஸ் இன்டர்வியூ வந்து அள்ளிக்கொண்டு போகும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். வேலையில் இருப்பவர்கள், ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன் இரண்டு வருடச் செலவைக் கணக்குப் போட்டுவிட வேண்டும்.

சேரும் முன் ஒரு டெஸ்ட்

இந்தப் படிப்பு நமக்குச் சரிவருமா என்று தெரிந்துகொள்ளக் காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. பக்கத்து டீக்கடையில் இரண்டு மணி நேரம் போன் எடுக்காமல் உட்கார வேண்டும். யார் வருகிறார்கள், யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்குக் கடன் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்று கவனிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து நான்கு பக்கம் எழுத வேண்டும்.

எழுதும்போது "அட, இதை ஏன் கவனிக்காம விட்டோம்?" என்று தோன்றி, மறுநாளும் அதே கடைக்குப் போகத் தோன்றினால் விண்ணப்பம் போடலாம். அரை மணி நேரத்திலேயே போனை எடுத்துவிட்டால், இரண்டு வருடச் சம்பளம் மிச்சம்.