கோப்பைக் குழப்பியது யார்? லினக்ஸ் 4.19 இல் நடந்தது

இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டிலிருந்து மிஞ்சியது ஒரு பொலித்தீன் பைதான். காணி உறுதி, இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள், தம்பியின் ஒரேயொரு படம். பின்னாளில் அவற்றை ஸ்கான் செய்து கணினியில் ஏற்றினேன். அயலவர்களும் தங்கள் கடதாசிகளைக் கொண்டுவந்து தந்தார்கள். ஆகவே வன்தட்டு பழுதாவது பற்றிய செய்தி எதையும் நான் மேலோட்டமாக வாசிப்பதில்லை.

2018 ஒக்ரோபர் 22 இல் லினக்ஸ் கேர்னலின் 4.19 ஆவது பதிப்பு வெளியானது. அடுத்த மாதமே, கோப்புகள் சிதைவதாகப் பல நாடுகளிலிருந்தும் முறைப்பாடுகள் வந்தன. பெரும்பாலானோர் பாவித்தது ஈஎக்ஸ்ரி4 என்ற கோப்பு முறைமை. திரையில் பிழைச் செய்தியை எழுதியதும் அதுவே. எனவே எல்லோரும் அதையே சந்தேகித்தார்கள். ஆனால் அதன் பராமரிப்பாளர் தியடோர் ற்சோவால் தன் கணினிகளில் அந்தப் பிழையை வரவழைக்க முடியவில்லை.

கேர்னலுக்குள் கோப்பு முறைமை ஒரு பதிவேட்டு எழுத்தர் மாதிரி. எது எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கும். அதற்குக் கீழே, எழுதவேண்டியதை வரிசைப்படுத்தி வன்தட்டுக்கு அனுப்பும் இன்னொரு அடுக்கு உண்டு. கடிதம் மாறிப் போனால் முதலில் கத்துபவர் எழுத்தர்தான். தபால்காரர் கத்துவதில்லை.

இதைப் பிரித்தறியும் வழி, சந்தேகமான வசதியை நிறுத்திப் பார்ப்பது. 4.19 இல் பல வரிசைகளில் வேலையை அனுப்பும் புதிய முறை, சாதாரண வன்தட்டுகளுக்கும் இயல்பாகவே இயங்கும்படி ஆக்கப்பட்டிருந்தது. கணினி தொடங்கும்போது ஒரு சிறு தெரிவைக் கொடுத்து அதை அணைத்தவர்களுக்குச் சிதைவு நின்றது. அதுவும், வரிசையை ஒழுங்குபடுத்தும் நிரல் எதுவும் போடாமல் விட்ட கணினிகளில்தான் பிழை வந்தது. பிறகு மாற்றங்களைப் பாதிபாதியாகப் பிரித்துச் சோதித்து, குற்றமுள்ள மாற்றத்தைப் பிடித்தார்கள்.

நடந்தது இதுதான். ஒரு வேலை நேரடியாக வன்தட்டின் இயக்கிக்குப் போகும். அது வேலையாக இருந்தால் திரும்பி வரிசைக்கு வரும். காத்திருக்கும் நேரத்தில் இன்னொரு வேலை அதனோடு ஒட்டிவிடும். ஆனால் இயக்கி முதலில் போட்ட பட்டியலையே வைத்திருக்கும். முடிவில் தவறான தரவு தட்டில் ஏறும். ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய திருத்தம் டிசம்பர் தொடக்கத்தில் 4.19.8 இல் சேர்ந்தது. ஈஎக்ஸ்ரி4 இல் பிழை இருக்கவில்லை.

இதைச் செய்து பார்ப்பவர்கள் ஒரு நேரத்தில் ஒரு வசதியை மட்டும் நிறுத்தவேண்டும். ஐந்தை ஒன்றாக அணைத்துப் பிழை நின்றால், எதனால் நின்றது என்று யாருக்குத் தெரியும்? அணைப்பதிலும் இரண்டு வகை உண்டு. தட்டில் இடம் ஒதுக்குவதைத் தாமதப்படுத்தும் வசதியை இணைக்கும்போது நிறுத்தலாம். வேகம் சற்றுக் குறையும், தட்டின் அமைப்பு மாறாது. சரிபார்ப்புத் தொகையை எடுத்துவிடுவது அப்படியல்ல. அது தட்டையே மாற்றி எழுதும், பிழையைக் காட்டும் கண்ணையும் மூடிவிடும். மின்சாரம் போகும்போது காப்பாற்றும் எழுத்துத் தடுப்பை வேகத்துக்காக அணைக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். 2022 இல் ஒரு நாளில் 13 மணிநேரம் மின்வெட்டைக் கண்ட எங்களுக்கு அது வேண்டாம்.

பிரிஎப்எஸ் முறைமையின் ரெயிட் 5, 6 வசதிகளை அதை எழுதியவர்களே முக்கியமான தரவுக்குப் பாவிக்க வேண்டாம் என்கிறார்கள். அதை நான் தொடுவதேயில்லை.

புதிய கேர்னல் வந்தால் பழைய வன்தட்டொன்றில் பிரதி எடுத்து, அதிலே ஒரு கிழமை ஓடவிடுவேன். மூலத்தட்டு அந்த நாட்களில் கணினியில் கொழுவப்பட்டிருக்காது. பிறகு ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்புத் தொகையையும் பழைய பட்டியலோடு ஒப்பிடுவேன். தம்பியின் படம் அந்தப் பட்டியலில் முதலாவது.