நிறுவிய பின் வரும் ஞாபகம்

பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் பழைய கணினியில் லினக்ஸை நிறுவிக் கொடுத்தவர் மாலை பஸ்ஸில் பதுளைக்குத் திரும்பிவிட்டாரானால், பாதுகாப்புப் புதுப்பித்தல், தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தல், அச்சுப்பொறியை இணைத்தல், பழுது நேர்ந்தால் பழைய நிலைக்கு மீள்வதற்கான பிரதியை எடுத்துவைத்தல் என எஞ்சிய காரியங்களையெல்லாம் யார், எப்போது செய்வது என்ற கேள்வி அங்கேயே தங்கிவிடுகிறது.

ஹந்தான மலையின் பெயரைத் தாங்கி, பெதோரா என்னும் லினக்ஸ் வகையை ஆதாரமாகக் கொண்டு இலங்கையில் உருவான ஹந்தான லினக்ஸ், பாடசாலைகளுக்கு வேண்டிய மென்பொருள்களை முன்கூட்டியே சேர்த்துத் தந்து இந்தப் பாரத்தைக் குறைக்க முயன்றது. லினக்ஸ் மின்ட் வேறொரு வழியை அனுசரிக்கிறது: கணினிக்குள் நுழைந்ததும் ஒரு வரவேற்புச் சாளரம் விரிந்து, பழைய நிலைக்கு மீள உதவும் டைம்ஷிப்ட் பிரதி, சாதன இயக்கிகள், புதுப்பித்தல், தீயரண் ஆகியவற்றை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் அருகிலும் அதைத் திறக்கும் பொத்தானை வைத்திருக்கிறது. எங்கே தேடுவது என்று திகைக்கும் ஆசிரியைக்கு இது மகத்தான சௌகரியம். ஆயினும் அடியில் ‘தொடக்கத்தில் காட்டுக’ என்பதற்குள்ள ஒரே குறியை நீக்கிவிட்டால், செய்த வேலை, செய்யாத வேலை என்ற பேதமின்றிச் சாளரம் முழுவதும் மறுமுறை தோன்றாதொழிகிறது. முடிந்த காரியம் மட்டும் விலகி, முடியாதது நிலைத்திருப்பதே நியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மேலும், மலைச்சரிவில் சிக்னல் இல்லாத வேளையில் புதுப்பிக்கும்படி வற்புறுத்தும் அறிவிப்பால் பிரயோசனம் ஏதுமில்லை. இணைப்புக் கிடைத்த தருணத்தில் ஒரு கட்டளையை இயக்கும் வசதி, லினக்ஸில் வலையிணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரில் உண்டு. மின்வெட்டினால் தவறிய வேலையைக் கணினி மீண்டும் இயங்கியவுடன் நிறைவேற்றும்படி சேவைகளை இயக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் நேரக்கருவியையும் அமைத்துவிடலாம். சமயமறிந்து ஞாபகப்படுத்துவதற்குரிய சாதனங்கள் இவ்வாறு லினக்ஸுக்குள்ளேயே இருக்கின்றன.

பாஷையும் அதே அளவு முக்கியம். நம் நாட்டு நியமமான ரெங்கநாதன் விசைப்பலகையைப் பழகியவருக்கு, தமிழ்நாட்டின் தமிழ்99 அமைப்பைக் காட்டும் குறிப்பு குழப்பத்தையே விளைவிக்கும். ஆகவே நிறுவுபவரே, எஞ்சிய வேலைகளைத் தெளிந்த தமிழில் எழுதி, உள்நுழைந்ததும் தானாகத் திறக்கும் கோப்பாக வைத்துவிட்டுப் புறப்படுவது உத்தமம். அக்கோப்பை எல்லார் கணக்கிலும் வைக்கலாகாது. நிர்வாகக் கடவுச்சொல்லை உடைய ஆசிரியரின் கணக்கில் மட்டுமே வைக்க வேண்டும், ஏனெனில் மாணவர் கண்ணில் அது எத்தனை முறை பட்டாலும் அவ்வேலைகளைச் செய்யும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.