கட்டிலுக்கு எட்டாத டவர்

கல்லூரி திறந்த முதல் வாரம், இரவு ஒன்பது மணிக்கு ஏதாவதொரு விடுதியின் மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். கைப்பிடிச் சுவரோரம் புதுப் பிள்ளைகள் வரிசையாக நின்று வீட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். "ரூம்ல டவரே கிடைக்கலம்மா!" ஊரில் அதே சிம், அதே போன் நன்றாகத்தான் வேலை செய்தது. இங்கே என்ன ஆயிற்று? பெரும்பாலும் குற்றவாளி, சுவர்.

செல்போன் அலைகளில் நெட்டையும் உண்டு, குட்டையும் உண்டு. 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு வெறும் 9 சென்டிமீட்டர். நெட்டை அலை வெகுதூரம் போகும், கட்டட மூலைகளில் வளைந்து வரும், சுவரைத் தாண்டும்போது அதிகம் இளைக்காது. குட்டை அலை கான்கிரீட்டில் நுழைந்தால் துவண்டுவிடும். ஆனால் அந்தப் பகுதியில் அலைவரிசை அகலமாகக் கிடைப்பதால் வேகம் அதிகம். இந்தியாவில் 5ஜிக்குப் பெரிதும் பயன்படுவது இந்த 3,300 மெகாஹெர்ட்ஸ் வட்டாரம்தான். மைதானத்தில் பறக்கிற 5ஜி, உள்ளறைக்குள் வந்ததும் 4ஜியாக இறங்குவது இதனால்தான்.

ஜியோவிடம் 850, ஏர்டெல்லிடமும் வி-யிடமும் 900, பிஎஸ்என்எல்லிடம் 700 என்று நெட்டை அலைகள் எல்லாரிடமும் இருக்கின்றன. ஆகவே விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. உங்கள் விடுதிக்குப் பக்கத்தில் யாருடைய டவர் இருக்கிறது, அதன் ஆன்டெனா எந்தத் திசையைப் பார்க்கிறது, நடுவே எத்தனை சுவர் நிற்கிறது என்பதே கணக்கு.

திரையில் தெரியும் கோடுகளையும் அப்படியே நம்ப வேண்டாம். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்று எல்லாப் போன்களுக்கும் பொதுவான விதி கிடையாது. ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் 'சிம் நிலை' என்ற பகுதியில் டிபிஎம் என்ற அலகில் ஓர் எண் இருக்கும். மைனஸ் 80 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 110 என்றால் திண்டாட்டம். வித்தியாசம் 30 தானே என்று நினைக்கக் கூடாது. பத்துப் பத்தாகக் குறையும்போது ஆற்றல் ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்காகிறது. முப்பது குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு! எட்டாத டவரை எட்டிப்பிடிக்கப் போனும் குரலை உயர்த்திக் கத்துகிறது. பேட்டரி மளமளவென்று இறங்குவது அதனால்தான்.

சிக்னல் முழுசாக இருந்தும் வீடியோ சுழன்றுகொண்டே இருக்கிறதா? அது வேறு சங்கதி. காலை ஏழு மணிக்கு விடுதியில் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்தால் தண்ணீர் நூலாகத்தானே ஒழுகும்? டவரின் கொள்ளளவும் அப்படித்தான், அங்கிருக்கிற அத்தனை பேருக்கும் பங்கு. பகல் பதினொரு மணிக்குச் சோதித்துவிட்டு இரவுக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

வீட்டில் எல்லாரும் ஒரே கம்பெனி என்பதற்காக நீங்களும் அதையே வாங்கத் தேவையில்லை. அன்லிமிடெட் திட்டங்களில் எந்த நெட்வொர்க்குக்குப் பேசினாலும் ஒன்றுதான். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருக்கிறது. 'போர்ட்' என ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, எண்ணைச் சேர்த்து 1900-க்கு அனுப்பினால் குறியீடு வரும். ஆனால் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தால் 90 நாள் கழியாமல் வெளியேற முடியாது; அவசரப்பட்டு வாங்கினால் ஒரு செமஸ்டரில் பாதி போய்விடும். ஊர் எண் வங்கிக் கணக்கோடு இணைந்திருந்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டு, நெட்டுக்கு இரண்டாவது சிம் போடுவதும் நல்ல வழி.

வாங்கும் முன், அறைத்தோழர்களிடம் உள்ள வெவ்வேறு சிம்களை ஓரிரவு சோதித்துப் பாருங்கள். கதவைச் சாத்திவிட்டு, உங்கள் கட்டிலில் உட்கார்ந்து, ஒன்பது மணிக்கு. சீனியரிடம் "எந்த நெட்வொர்க் நல்லதுண்ணா?" என்று கேட்டால் மட்டும் போதாது. "நீங்க எந்த மாடி, எந்தப் பக்கத்து ரூம்?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.