ஒலிவாங்கியின் கேளாப் பக்கம்



மதுரைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில் அமைந்துள்ளது அழகர்கோவில். ஆடிப் பௌர்ணமியன்று அங்கே தேரோட்டம் நடைபெறும். சுற்றுவட்டாரக் கிராமத்தார் மேளதாளத்துடன் வந்து பதினெட்டாம்படிக் கருப்பணசாமியை வழிபடுவார்கள். அன்று அங்கே எழும் ஓசைகளை எண்ணிப் பாருங்கள்! ஊதல் விற்பவர், ஒலிபெருக்கி அறிவிப்பு, கடைகளுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர், குழந்தைகளின் அழுகை!

சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூட்டத்தில் ஒரு முதியவர் நாகசுரம் வாசித்தார். வேறெங்கும் நான் கேட்டிராத மெட்டுகள் சில அவரிடம் இருந்தன. பத்தடி தள்ளி ஒரு மரத்தடியில் ஒலிவாங்கியை நிறுத்திப் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால், நாகசுரத்தை விட ஜெனரேட்டரின் இரைச்சலே மிகுதி! மறு ஆண்டு தேடிச் சென்றபோது அவர் வாசிக்கவில்லை. "மூச்சு நிக்க மாட்டேங்குது சார்" என்றார்.

நேரில் கேட்டபோது இசை நன்றாகத்தானே இருந்தது? ஆம். நம் இரு காதுகளும் மூளையும் சேர்ந்து வேண்டிய ஒலியைப் பிரித்தெடுத்துக் கொள்கின்றன. ஒலிவாங்கிக்கு மூளை இல்லை. அதற்கு இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே. அது எப்படிக் கேட்கிறது என்பதை அறியாமல் வைத்ததுதான் என் பிழை.

மூன்று வகைச் செவிகள்

சவ்வின் பின்புறம் மூடிய பெட்டியாக இருந்தால், முன்புறத்துக் காற்றழுத்தம் மட்டுமே அதை அசைக்கும். அழுத்தத்துக்குத் திசை கிடையாது. ஆகவே இவ்வகை ஒலிவாங்கி எல்லாப் பக்கமும் ஒரே அளவாகக் கேட்கும். அன்று நான் கொண்டு சென்றது இதைத்தான்.

சவ்வின் இருபுறமும் திறந்திருந்தால்? முன்னிருந்தோ பின்னிருந்தோ வரும் ஒலி, ஒரு பக்கத்தை முதலிலும் மறுபக்கத்தைச் சற்றுப் பின்னரும் தொடும். அந்த வேறுபாட்டால் சவ்வு அசையும். பக்கவாட்டில் வரும் ஒலியோ இருபுறமும் ஒரே நேரத்தில் தள்ளும்; சவ்வு அசையாது. கேட்கும் அளவைத் திசைவாரியாக வரைந்தால் 8 என்னும் எண்ணின் வடிவம் கிடைக்கும்.

மூன்றாவது வகை இவ்விரண்டின் கலவை. பின்புறத்தில் சிறு துளைகள் இருக்கும். அவற்றின் வழியே நுழையும் ஒலியை உள்ளேயுள்ள அமைப்பு சற்றுத் தாமதப்படுத்தும். பின்னிருந்து வரும் ஒலி சுற்றி முன்புறத்தை அடையும் அதே நேரத்தில், துளை வழியே வந்ததும் சவ்வின் பின்புறத்தை அடையும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒரே சவ்வைக் கொண்டு இதைச் செய்து காட்டியவர் பெஞ்சமின் பாயர். அவர் வடிவமைத்த யூனிடைன் ஒலிவாங்கியை ஷூர் நிறுவனம் 1939-இல் வெளியிட்டது.

இதன் கேட்கும் திறன் (1 + cos θ)/2. நேர் முன்னே 1. பக்கவாட்டில், அதாவது 90 பாகையில், 1/2. நேர் பின்னே, 180 பாகையில், சுழி! வரைபடம் இருதய வடிவில் அமையும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இசை எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். ஒலிவாங்கியின் கேளாப் பக்கத்தை அதன்பால் திருப்ப வேண்டும். ஜெனரேட்டர் நேர் பின்னே இருந்தால் இருதய வடிவம் ஏற்றது. பக்கவாட்டில் இருந்தால் 8 வடிவம். 'சூப்பர் கார்டியாய்டு' என்னும் வகையின் கேளாத் திசை நேர் பின்னே இல்லை. முன்புறத்திலிருந்து சுமார் 126 பாகையில் இருபுறமும் உள்ளது. அதன் முதுகை நேராக இரைச்சலுக்குக் காட்டினால் ஏமாந்து போவீர்கள்.

ஆனால் கல் மண்டபத்துக்குள் நிலைமை வேறு. தூண்களிலும் சுவர்களிலும் எதிரொலித்து இரைச்சல் எல்லாப் பக்கமிருந்தும் வரும். அப்படிப்பட்ட இரைச்சலில் இருதய வடிவ ஒலிவாங்கி ஏற்கும் ஆற்றல், எல்லாப் பக்கமும் ஒரே அளவாகக் கேட்கும் ஒலிவாங்கி ஏற்பதில் மூன்றில் ஒரு பங்கு. கலைஞரிடம் பாதித் தூரம் நெருங்கினாலோ, நேரே வரும் இசையின் செறிவு நான்கு மடங்காகும்! ஆகவே முதல் விதி, நெருங்கிச் செல்வது. அதற்காக நாகசுரத்தின் அணைசுக்குள் ஒலிவாங்கியை நுழைத்துவிடாதீர்கள். விரல் துளைகளிலிருந்தும் ஒலி வெளிவருகிறது. ஓரிரு முழம் தள்ளி வைத்தால் முழு இசையும் கிடைக்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளி மேடையில் பெரும்பாலும் இருப்பது இருதய வடிவ ஒலிவாங்கியே. ஒரு நண்பர் ஒரே அளவாகக் குரல் கொடுத்துக்கொண்டு, ஒரே தூரத்தில் அதைச் சுற்றி நடக்கட்டும். ஒலிபெருக்கியில் குரல் எங்கே தேய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒலிவாங்கியின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பேச்சாளரையும் கவனியுங்கள். சில வேளை 'கீ...' என்று அலறுமே, ஏன்? கை பின்புறத் துளைகளை அடைத்துவிடுகிறது; கேளாப் பக்கமே இல்லாமல் போய்விடுகிறது!

அந்த மறு ஆண்டு முதியவரின் மாணவர் வாசித்தார். முதியவர் அருகில் அமர்ந்து தாளம் போட்டார். இம்முறை இருதய வடிவ ஒலிவாங்கியை நெருக்கமாக வைத்து, அதன் முதுகை ஜெனரேட்டருக்குக் காட்டினேன். பதிவு தெளிவாக அமைந்தது. ஆனால் மாணவருக்குத் தெரியாத இரண்டு மெட்டுகள், இரைச்சல் மிகுந்த முதல் பதிவில் மட்டுமே இன்றும் இருக்கின்றன.

உங்கள் ஊரிலும் இத்தகைய கலைஞர்கள் இருப்பார்கள். பதிவு செய்யப் போகும்போது, கருவியை இயக்குமுன் ஒரு நிமிடம் கண்ணை மூடி நில்லுங்கள். இரைச்சல் எத்திசையிலிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள்.