பாக்டீரியாவின் சட்டையைக் கழற்றினால்?

இந்த வார எபிசோட்ல எஸ்-லேயர்னு ஒரு வார்த்தை வந்துச்சு. அங்கே நேரம் கிடைக்கல, அதனால இங்கே நிதானமா.

பல பாக்டீரியாக்கள் உடம்புக்கு மேலே புரதத்தால் ஆன ஒரு சட்டையைப் போட்டிருக்கும். அதுதான் எஸ்-லேயர். எஸ் என்றால் சர்ஃபேஸ், அதாவது மேற்பரப்பு. தடிமன் பெரும்பாலும் 5 முதல் 10 நானோமீட்டர். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் புள்ளிக்கோலம் மாதிரி ஒரே வடிவம் வரிசை தப்பாமல் திரும்பத் திரும்ப வரும். கோலத்துக்காவது போட ஒரு கை வேணும். இந்தப் புரதங்கள் தாங்களாகவே ஒன்றோடு ஒன்று கோர்த்துக்கொள்ளும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடிச்சது ஒரு கணக்கு. 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் பாக்டீரியா, சட்டையில் ஓட்டை விழாமல் இருக்க, விநாடிக்குக் குறைந்தது 500 புரதங்களைச் செய்து, வெளியே அனுப்பி, சரியான இடத்தில் பொருத்த வேண்டும். இவ்வளவு செலவு எதுக்கு? வேடிக்கை என்னன்னா, ஆய்வகத்தில் சொகுசா வளர்த்தால் சில பாக்டீரியாக்கள் சட்டை செய்வதையே நிறுத்திவிடும். அப்போ அது வெளியே இருக்கும் ஆபத்துகளுக்காகத்தான் என்று எனக்குத் தோணுது.

சரி, அதைக் கழற்றிவிட்டால்?

2019-இல் பிரஸ்ஸல்ஸில் அன்டோனெல்லா ஃபியோராவன்டி, ஹான் ரெமாட் குழுவினர் ஆந்த்ராக்ஸ் பாக்டீரியாவில் இதைச் செய்து பார்த்தார்கள். அதன் சட்டைப் புரதத்தின் பெயர் சாப். அதன் வடிவத்தைக் கண்டுபிடிக்க நானோபாடிகளைப் பயன்படுத்தினார்கள். ஒட்டகக் குடும்ப விலங்குகளின் ஆன்டிபாடியிலிருந்து கிடைக்கும் குட்டித் துண்டுகள் இவை. அதில் சில, சாப் புரதங்கள் கோர்ப்பதைத் தடுத்தன. ஏற்கெனவே கோர்த்திருந்த சட்டையையும் பிரித்துப் போட்டன! பாக்டீரியா உருக்குலைந்தது, வளர்ச்சி குறைந்தது. ஆந்த்ராக்ஸ் தொற்றிய எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது அவை பிழைத்தன. செல்லுக்கு உள்ளே போகவே தேவையில்லாத மருந்து, யோசிச்சுப் பாருங்க. (எலி வேற, மனுஷன் வேற. மருந்துக்கடையில தேடாதீங்க.)

ஆந்த்ராக்ஸ் நம்மில் யாருக்கும் வரப்போவதில்லை என்று நினைப்பீர்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாட்டிக் எடுத்த தாத்தா பாட்டிகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கைக் கொடுக்கும் சி. டிஃபிசில் பாக்டீரியாவுக்கும் இதே மாதிரி ஒரு சட்டை உண்டு. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு பாக்டீரியாவைக் கொல்லும் புரதங்களைப் பயன்படுத்தினார்கள். எதிர்ப்பு வராமலா இருக்கும்? வந்தது. தப்பித்த சில பாக்டீரியாக்கள் சட்டையே இல்லாமல் தப்பித்திருந்தன. பிடிக்க எதுவும் இல்லையே!

ஆனால் சட்டையில்லாத அந்தப் பாக்டீரியாக்கள், நம் உடம்பு இயல்பாகச் சுரக்கும் லைசோசைமுக்கே தாக்குப்பிடிக்கத் திணறின. நச்சும் குறைவாகவே செய்தன. ஹாம்ஸ்டர்களின் குடலில் அவற்றை விட்டுப் பார்த்தார்கள். அங்கேயே உயிரோடு இருந்தன, ஆனால் ஒரு ஹாம்ஸ்டருக்கும் நோய் வரவில்லை.