குமரப்பாவின் கணக்கும் அறமும்

ஜே. சி. குமரப்பா (1892–1960) காந்தியடிகளின் பொருளியற் கொள்கைக்கு உரை கண்டவர் என்றே பெரிதும் அறியப்படுகின்றார். அவர்தம் வாழ்க்கைப் போக்கின் திறவுகோல் அவர் முதலிற் பயின்ற தணிக்கைத் தொழிலில் உள்ளது என்பது எம் கருத்து.

தஞ்சையிற் பிறந்த அவர், இலண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அரசின் நிதிமுறைக்கும் இந்திய வறுமைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அவ்வாய்வே 1929இல் அவரைக் காந்தியடிகளிடம் சேர்த்தது. அடிகளின் விருப்பப்படி அவர் குசராத்தின் மாதர் வட்டத்து ஊர்களுக்கு மாணவருடன் சென்று, உழவர் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்தார். அரசின் ஏட்டில் வருவாயாக நின்ற நிலவரி, உழவன் வீட்டில் என்னவாயிற்று என்பதே அவர் தேடிய விடை.

1934இல் அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியபோது, அதனை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் கணக்கிடும் முறையை எம் மயிலம், திண்டிவனம் வட்டாரத்து மணிலாவைக் கொண்டு விளக்கலாம். மணிலாவை ஊர்ச் செக்கிலே ஆட்டினால் எண்ணெய் மக்களுக்கும், பிண்ணாக்கு மாட்டுக்கும், கூலி செக்காட்டுவோர்க்கும் ஆகும். மாட்டின் சாணம் மீண்டும் நிலத்தைச் சேரும். விளைந்த பருப்பு முழுவதும் வெளியூர் ஆலைக்குச் சென்றால், ஊருக்கு எஞ்சுவது விலைப்பணம் ஒன்றே. ஆலை எண்ணெய் மலிவு என்போர் இவ்விழப்பைச் செலவில் எழுதுவதில்லை. விடுபட்ட இவ்வகைச் செலவுகளை ஏட்டில் ஏற்றுதலே குமரப்பாவின் பணி.

சிறையில் உருவாகி 1945இல் வெளிவந்த 'நிலைத்த பொருளாதாரம்' என்னும் நூல் இம்முறையை இயற்கை முழுமைக்கும் விரிக்கின்றது. ஒட்டுண்ணி வாழ்வு முதல் தொண்டு வாழ்வு ஈறாக ஐவகைப் பொருளாதாரத்தை அது வகுக்கின்றது. கைம்மாறு கருதாது குஞ்சினைப் பேணும் தாய்ப்பறவையே இறுதி வகைக்குச் சான்று. தீர்ந்துபோகும் பொருளை நம்பும் வாழ்வு பூசலுக்கு வழியாகும் என்பது அந்நூலின் துணிபு.

ஆலோசகர் என்னும் நிலையில் அவர் வென்றாரா என்னும் வினா எழும். 1938இல் நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் இடம்பெற்ற அவர், அதன் நோக்கொடு பொருந்தாமையால் விரைவில் விலகினார். அவர் தலைமை தாங்கிய காங்கிரசு நிலச் சீர்திருத்தக் குழு 1949இல் அறிக்கை அளித்தது. உழுவோனுக்கும் அரசுக்கும் இடைநின்று பயன்கொள்வோரை நீக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. விடுதலைக்குப் பின்னர் நாட்டின் திட்டங்கள் பேராலைகளையே பெரிதும் நாடின. குமரப்பாவோ மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் இறுதிக்காலத்தைக் கழித்து, 1960 சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், மறைந்தார்.

ஏற்கப்பட்ட அறிவுரைகளின் தொகையே அளவுகோலாயின் அவர் பெற்ற வெற்றி சிறிதே. ஆயினும், தணிக்கையாளனின் கடமை உரிமையாளனை மகிழ்வித்தல் அன்று, விடுபட்டதைச் சுட்டுதலே. மண்ணின் வளமும் நிலத்தடி நீரும் இன்று குன்றிவரும் நிலையில், அவர் சுட்டிய செலவுகள் ஏட்டில் ஏறாமலேயே எம் ஊர்களின் தலையில் ஏறியுள்ளன. ஆதலின் அவருடைய நூல்களைப் பழைய கொள்கை விளக்கங்களாக அன்றி, இன்னும் முடிவுறாத தணிக்கை அறிக்கைகளாகப் பயிலுதல் தகும்.